சாமியைத் திட்டக் கூடாது

எண்பதுகளின் கடைசியில் நடந்த விஷயம் இது. அப்போது நாங்கள் பொழிச்சலூரில், விமான நிலையத்துக்குப் பின்பக்கம் குடியிருந்தோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் விமானம் வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவோம். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். சண்டை போட்டாலும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நான் பக்கத்து ஊரில் ஒரு ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் பிரம்பே கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை. நான் வாயைத் திறந்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து அடங்கிவிடுவார்கள். என் கணவர் பொழிச்சலூர்க்காரரே. பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவருக்கு வாய் கம்மி, அடிக்கக் கை நீளும். இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தவன் எங்கள் ஒரே மகன். அப்போது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான்.

பத்தாம் வகுப்பு வரை அவனைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. ப்ளஸ் ஒன் முடிகிற சமயத்தில்தான் ஆள் மாறினான். கண் சிவந்திருக்கும். கேட்டால் கிணற்றுத் தண்ணீரில் குளித்ததால் என்பான். ஒரு நாள் சோற்றைத் தொட மாட்டான், இன்னொரு நாள் சட்டியையே வழித்துத் தின்பான். ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பான், ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவான். சட்டையில் சருகு எரித்த மாதிரி ஒரு வாசனை. வயசுப் பையன், ஒளிந்து பீடி பிடிக்கிறான் போல என்று நினைத்தேன். அதற்கே என் வாய் ஓயவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள் என்று காலையில் ஆரம்பித்தால், அவன் பஸ் ஏறும் வரை விட மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அவன் சட்டைப் பையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கிடைத்தது. உள்ளே காய்ந்த இலையும் விதையுமாக ஏதோ இருந்தது. எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. நாட்டு மருந்துக் கடையில் சளிக்கு ஏதோ வாங்கியிருக்கிறான், அம்மாவிடம் சொல்லவில்லையே என்று அதற்கும் மனசுக்குள் திட்டிக்கொண்டேன். பத்திரமாக எடுத்து வந்து கணவரிடம் நீட்டினேன். அவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டீச்சரம்மா, இது இன்னான்னு தெரிலியா உனக்கு? கஞ்சாடி இது."

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அன்று நடந்ததைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அவர் பெல்ட்டை உருவினார். நான் தடுக்கவில்லை, நாக்கால் இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டிருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன் மறுநாள்தான் வீடு திரும்பினான். அனகாபுத்தூரில் ஒரு நண்பன் வீட்டில் இருந்தானாம். வந்ததும் சாப்பிட்டான், படுத்தான். 'எங்கேடா போனே' என்று நான் கத்தினேன். விமானம் வந்தது. நிறுத்தினேன். அது போனதும் மறுபடி கத்தினேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த நாட்களில் எனக்கு இருந்த பயத்தை எப்படிச் சொல்வது? பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'அம்மா' எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அழுவேன். இந்தப் பையன் நம் கையை விட்டுப் போய்விடுவான், கஞ்சாவில் தொடங்கியது இன்னும் மோசமான எதிலோ போய் முடியும், ஒரு நாள் போனவன் திரும்பாமலே இருந்துவிடுவான் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். வெளியே சொல்லவும் முடியாது. டீச்சர் பையன் கஞ்சா அடிக்கிறான் என்றால் ஊர் என்ன சொல்லும்!

என் கணவரின் அண்ணனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் பல வருடங்களாகச் சபரிமலைக்குப் போகிறவர், எங்கள் பக்கத்தில் அவர்தான் குருசாமி. அவர் யோசிக்கவே இல்லை.

"கார்த்திகை பொறக்கப் போவுது. மாலையப் போட்டு வுடு. பீடி, சிகரெட்டு, அந்தக் கருமம் எதுவும் கிட்ட வர முடியாது. சாமி பாத்துக்கும். எத்தினி குடிகாரனுங்கள நான் மாத்திருக்கேன்!"

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இதுதான் மருந்து. குடிப்பவனுக்கும் மாலை, வீட்டுக்கு அடங்காதவனுக்கும் மாலை, பரீட்சையில் கோட்டை விட்டவனுக்கும் மாலை. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அவனுக்குத் துணையாக, பீடியும் கையுமாக இருக்கும் என் கணவரும் போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. 'போடுறியா?' என்று மகனை யாரும் கேட்கவில்லை. கார்த்திகை முதல் நாள் விடிகாலையில் அப்பாவும் பிள்ளையும் கோயிலில் மாலை போட்டுக்கொண்டு, கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக வந்து வாசலில் நின்றார்கள்.

அப்போதுதான் நான் யோசிக்காத ஒன்று உறைத்தது. மாலை போட்டவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, 'சாமி' என்றுதான் சொல்ல வேண்டும். நீ, வா, போ கிடையாது. திட்டக் கூடாது, மனம் நோகப் பேசக் கூடாது. அதிலும் இவன் முதல் தடவை மாலை போட்ட கன்னிசாமி. கன்னிசாமிக்கு மரியாதை இரண்டு மடங்கு.

எல்லோருமாகச் சேர்ந்து அவனைக் கட்டிப்போடுவதாக நினைத்தோம். முதலில் கட்டுண்டது என் வாய்.

நினைத்துப் பாருங்கள். அவன் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போவான். "டேய்" என்று ஆரம்பிப்பேன். கணவர் கண்ணைக் காட்டுவார். உடனே, "சாமி, துண்டைக் கொடியில போடுங்க சாமி" என்பேன். அவன் என்னை 'நீ' என்பான், நான் அவனை 'நீங்க' என்பேன். "அம்மா, நீ இன்னிக்கி இட்லிக்கு என்ன வச்சிருக்க?" "தேங்காய்ச் சட்னி, சாமி. உட்காருங்க." முதல் வாரம் என் நெஞ்சுக்குள் நீராவி எஞ்சினே ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் பாடு இன்னும் வேடிக்கை. அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் சாமி என்று சொல்லிக்கொண்டு, விடியலில் கிணற்றடியில் ஆளுக்கொரு பக்கம் நடுங்கியபடி குளிப்பார்கள். ஊர் சனம் அவன் காலைத் தொட வரும். அவன் கூச்சத்தில் காலைப் பின்னால் இழுத்துக்கொள்வான்.

கண் சிவப்பு குறைந்த மாதிரி இருந்தது. சாயங்கால பூஜைக்கு ஒழுங்காக வந்தான். குருசாமி மீசையை முறுக்கிக்கொண்டார். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

பாதி விரதம் ஆகியிருக்கும். நான் வீட்டுக்கு விலக்கானேன். கன்னிசாமி இருக்கிற வீட்டில் அந்த மூன்று நாள் அவர் கண்ணில்கூடப் படக் கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. மதுராந்தகத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால் அரையாண்டுத் தேர்வு நேரம், லீவு கிடைக்காது. அதனால் சமையலறைக்குப் பின்னால் விறகும் பழைய சாமான்களும் போட்டிருந்த ஓட்டு அறையில் இருந்துகொண்டேன். தோட்டத்து வழியாகப் பள்ளிக்குப் போய்விட்டு அப்படியே திரும்பி வருவேன். அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பழைய பலகைக் கதவு. அதைச் சமையலறைப் பக்கம் தாழ் போட்டிருந்தார்கள். கணவர் சமைத்து, துவைக்கிற கல்லின் மேல் தட்டை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்.

இரண்டாம் நாள் சாயங்காலம். கணவர் அண்ணன் வீட்டு பஜனைக்குப் போயிருந்தார். மகன் தலைவலி என்று போகவில்லை. அறையில் உட்கார்ந்து நான் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக ஒரு குரல்.

"அம்மா."

"சொல்லுங்க சாமி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "அம்மா." மறுபடி நான், "சொல்லுங்க சாமி." அதற்குள் விமானம் வந்துவிட்டது. எங்கள் பழக்கப்படி அது போகட்டும் என்று காத்திருந்தேன். ஆனால் அவன் காத்திருக்கவில்லை. விமானம் கூரைக்கு மேல் இரைந்துகொண்டிருக்கும்போதே கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். குரல் இருப்பது தெரிந்தது, வார்த்தை விளங்கவில்லை. சத்தம் ஓய்ந்தபோது அவனும் ஓய்ந்திருந்தான்.

"ப்ளேன் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல சாமி. இன்னொரு தடவ சொல்லுங்க."

என் காதில் விழக் கூடாது என்றுதான் அந்த நேரம் பார்த்துச் சொல்லியிருக்கிறான். இருந்தாலும் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பிறகு சொன்னான்.

"நேத்து திரும்ப இழுத்துட்டேன்மா. மாலையோட."

என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. மாலையோடா! படுபாவி, தெய்வத்துக்குக்கூடப் பயம் இல்லையா என்று வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். சாமியைத் திட்டக் கூடாது. கண் எதிரே நின்றிருந்தால் என் முகமே அவனைத் திட்டியிருக்கும். நல்ல வேளை, நடுவில் கதவு இருந்தது.

வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், "சரி சாமி" என்றேன்.

அந்த 'சரி' அவனை என்ன செய்ததோ தெரியவில்லை. அந்தப் பக்கம் தேம்பல் கேட்டது. கதவில் தலையைச் சாய்த்து அழுகிறான் போல, பலகை லேசாக அதிர்ந்தது. நானும் நகர்ந்து வந்து கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் தானாகப் பேச ஆரம்பித்தான்.

ஆற்றுப் பக்கம் இருந்த காலி மனைகளில், ஒரு பாதிச் சுவருக்குப் பின்னால் நாலு பேர் கூடுவார்களாம். இவனைவிடப் பெரிய பையன் ஒருவன்தான் முதலில் கொடுத்தானாம். "ஒரு தடவ இழுத்துப் பாரு மச்சான், ஒண்ணும் ஆவாது" என்றானாம். ஏன் இழுத்தாய் என்று நான் கேட்டேன். அதையும் 'ஏன் சாமி' என்றுதான் கேட்டேன். "சும்மாதாம்மா" என்றான். நான் வேறு ஏதேதோ பெரிய காரணமெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அவ்வளவுதான் காரணம்.

"இழுத்தா நல்லா இருக்கா சாமி?"

"மொதல்ல இருந்துச்சு. இப்ப இல்லம்மா. இப்ப இல்லாட்டித்தான் பேஜாரா கீது. தூக்கம் வரல. சோறு எறங்கல. யாரப் பாத்தாலும் கோவம் வருது. நான் வுடணும்னுதாம்மா பாக்கறேன். ரெண்டு தடவ வுட்டுப் பாத்தேன். முடில."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமாக நானும் அவன் அப்பாவும் 'விடு, விடு' என்று அவனோடு மல்லுக்கு நின்றிருக்கிறோம். அவனும் அதையேதான் விரும்பியிருக்கிறான். எங்கள் மூன்று பேருக்கும் வேண்டியது ஒன்றேதான், அது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"மாலையக் கழட்டிடவாம்மா? சாமி குத்தம் ஆயிடுமா?" என்று கேட்டான். அந்தக் குரல் ப்ளஸ் டூ படிக்கிற பையனுடையது இல்லை. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து என்னை எழுப்புவானே, அந்தக் குரல்.

எனக்கும் பயம்தான். நானும் சாமி கும்பிடுகிறவள்தானே. ஆனாலும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்பையெல்லாம் பொறுத்துக்கோன்னு தினம் பூஜையில கேக்கிறீங்களே, அது சும்மாவா சாமி? அவர் பொறுப்பார். கழட்ட வேணாம்" என்றேன்.

"அப்பாகிட்ட சொல்லாதம்மா."

அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. "சொல்லத்தான் வேணும் சாமி. ஆனா உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். உங்களப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டுத்தான் சொல்லுவேன்" என்றேன். அவன் எழுந்து போகவில்லை. பஜனை முடிந்து அவன் அப்பாவின் செருமல் வாசலில் கேட்கும் வரை கதவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

விலக்கு முடிந்து தலைக்குக் குளித்து வீட்டுக்குள் வந்ததும், இருவரையும் கூடத்துப் பாயில் உட்கார வைத்தேன். மகன் தலை குனிந்திருந்தான். மனசுக்குள் அந்த ஐயப்பனையே துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு கணவரிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அவர் எழுந்துவிட்டார். வலது கை தானாக மேலே போயிற்று. மகன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். நான் குறுக்கே பாய்வதற்குத் தயாரானேன்.

ஓங்கிய வேகத்தில் அவர் கழுத்து மாலை குலுங்கி நெஞ்சில் வந்து தட்டியது. குனிந்து அதைப் பார்த்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றார். பிறகு விடுவிடுவென்று கிணற்றடிக்குப் போனார். ராட்டினம் கிரீச்சிட்டது. ஒரு வாளி, இன்னொரு வாளி, இன்னும் ஒன்று. பட்டப்பகலில் கட்டிய வேட்டியோடு தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். நானும் மகனும் மூச்சுக் காட்டாமல் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் சொட்டச் சொட்ட வந்து வாசற்படியில் நின்றார். கண் சிவந்திருந்தது. கிணற்றுத் தண்ணீரால் இருக்கும் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

"சாமி, சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

மகன் வாய் விட்டு அழுதான். என் கணவர் ஈரத்தோடே அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய்த் தோசைக் கல்லை அடுப்பில் வைத்தேன். முதல் இரண்டு தோசையும் பிய்ந்துபோயின.

அண்ணனிடம் என் கணவரே போய்ப் பேசினார். குருசாமிக்கு முகம் தொங்கிப்போனது உண்மை. ஆனால் பெரிய மனசு பண்ணினார். பையனைக் குளிக்க வைத்து, மாலையைக் கழற்றி சாமி பாதத்தில் வைத்துப் பூஜை செய்து, மறுபடி அவரே போட்டுவிட்டார். மாலை மட்டும் பார்த்துக்கொள்ளாது, டாக்டரிடமும் காட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது மட்டும் அண்ணன் தம்பி இருவருமே தயங்கினார்கள். பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிடுவார்களே என்ற கவலை. பட்டம் என்ன பட்டம், பையன் இருந்தால் போதும் எனக்கு.

மெட்ராஸில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, பல்லாவரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினோம். நானும் அவனும் மட்டும். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், வெறுங்கால். ட்ரெயினில் ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் "சாமி, நீங்க முன்னாடி வாங்க" என்று வழி விட்டார்கள். ஒரு அம்மாள் கைக்குழந்தையை அவனிடம் நீட்டி, திருநீறு பூசி விடச் சொன்னாள். பூசிவிட்டு என் காதருகே குனிந்தான்.

"நான் கஞ்சா கேசும்மா. இது தெரிஞ்சா அந்தம்மா கொழந்தையப் புடுங்கிக்கும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். இது வேறு சிரிப்பு, என் பிள்ளையின் பழைய சிரிப்பு. அதைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, இவன் பிழைத்துக்கொள்வான் என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். அவனிடம் தனியாக வெகுநேரம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். தூக்கம் வராததும் எரிச்சலும் கொஞ்ச நாளில் குறையும், வாரா வாரம் வரட்டும், அந்தச் சுவர்ப் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்றார். பிறகு, "மறுபடி ஒரு தடவை தவறலாம்மா. தவறினா உங்ககிட்ட வந்து சொல்லுவானா?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். "எதிர்ல நின்னு சொல்ல மாட்டான் சார். கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தா சொல்லுவான்" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. "அப்போ அந்தக் கதவைப் பத்திரமா வச்சுக்குங்க" என்றார்.

மார்கழியில், பள்ளி விடுமுறையில், அப்பாவும் பிள்ளையும் மலைக்குக் கிளம்பினார்கள். இருமுடிக்கு நான் மூன்று கை அரிசி அள்ளிப் போட்டேன். போகிறவர்கள் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. வாசலில் தேங்காயை உடைத்துவிட்டு அவன் தெருவில் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பு ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு போனவனும் திரும்பிப் பார்க்கவில்லைதான். ஆனால் இந்தத் தடவை அவன் பக்கத்தில் அவன் அப்பா நடந்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் மாலையைக் கழற்றுவது அம்மாவின் வேலை. அவன் என் முன்னால் தலையைக் குனிந்தான். எனக்குக் கை வரவில்லை. இதைக் கழற்றினால் அவன் பழையபடி போய்விடுவானோ, நானும் பழையபடி ஆகிவிடுவேனோ என்று இரண்டு பயம்.

"இனிமே திட்டுவியாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

திட்டினேன். அன்று மத்தியானமே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டான், வாங்கிக் கட்டிக்கொண்டான். அதெல்லாம் பிறவிக் குணம், மாலை போட்டால் போகுமா? ஆனால் அந்த ஒரு விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. என் கணவரும் மாலையோடு விட்ட பீடியை மறுபடி தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "புள்ள வுடணும்னு அல்லாடுது, நான் எதிர்ல ஒக்காந்து இழுத்துகினு இருந்தா நல்லாவா கீது?" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அபூர்வம்.

டாக்டர் சொன்னபடி அவன் தவறவும் செய்தான். மாசி மாதம் ஒரு நாள் நான் சமைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஓட்டு அறைக்குள் போய், கதவை அந்தப் பக்கமாக இழுத்துச் சாத்தினான். எனக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் வந்து தரையில் உட்கார்ந்தேன். "அம்மா" என்றான். மாலை கழற்றி எவ்வளவோ நாளாகியும், என் வாயில் தானாக வந்தது: "சொல்லுங்க சாமி."

அப்படி இன்னும் ஓரிரு தடவை. பிறகு அதற்கு அவசியம் வரவில்லை. ப்ளஸ் டூவில் சுமாரான மார்க்தான். தாம்பரம் பக்கம் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான், கிண்டியில் வேலை கிடைத்தது. அந்தப் பாதிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களில் எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. ஒரு பையன் எங்கே போனான் என்றே அவன் வீட்டுக்குத் தெரியாது. அவன் அம்மாவைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் கெட்டிக்காரி, அவள் இல்லை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. என் நாக்கு கட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சில வருடங்கள் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. எனக்கு உயிரே போய்விட்டது. வேலைக்குப் போகிற பிள்ளை, மீசை வைத்த ஆம்பிளை, இப்போது என்ன? முட்டி வலிக்கத் தரையில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க சாமி."

விமானம் வந்தது. அவன் அது இரைந்துகொண்டிருக்கும்போதே ஏதோ சொன்னான். போனதும், "கேக்கல சாமி, திரும்பச் சொல்லுங்க" என்றேன்.

"ஒரு பொண்ணு கீதும்மா" என்றான்.

நான் சிரித்த சிரிப்பில் கூடத்திலிருந்த கணவர் எழுந்து ஓடி வந்தார். அந்தப் பெண்தான் இன்று என் மருமகள்.

என் பிள்ளையை மாலை காப்பாற்றியதா, டாக்டர் காப்பாற்றினாரா, கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட அவன் அப்பா காப்பாற்றினாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் விரதம் அந்த மார்கழியோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கதவோரம் என் நாக்கு இருந்த விரதத்தை நான் இன்னும் முடிக்கவில்லை, முடிக்கிற உத்தேசமும் இல்லை.